வாஷியில் விழுந்த தாள்கள்

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பொன்செல்வி எண்பத்து நான்கு லேபிள்களுக்குப் பிரிண்ட் கொடுத்தாள். எண்பத்து நான்கும் அச்சாகிவிட்டன என்று திரையில் பச்சை எழுத்தில் வந்தது. ஆனால் அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்த லேபிள் பிரிண்டரிலிருந்து ஒன்றுகூட வெளியே வரவில்லை.

தாராவியில் ஷாகுல் ஹமீது பாயின் தோல் பைப் பட்டறையில் அவள் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள். கீழே பன்னிரண்டு தையல் மெஷின்கள். இரும்பு ஏணி வழியாக மேலே ஏறினால் ஒரு சின்ன அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், பில் எடுக்க ஒரு பெரிய பிரிண்டர், லேபிள் எடுக்க ஒரு சின்னப் பிரிண்டர். அந்த அறைதான் பொன்செல்வியின் ராஜ்யம்.

பட்டறை தைக்கும் பைகள் அத்தனையையும் கடற்கழிக்கு அக்கரையில் வாஷியில் ஆபீஸ் வைத்திருக்கும் ஓர் ஏற்றுமதிக் கம்பெனி எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு அட்டைப் பெட்டியிலும் அவர்கள் நம்பர் போட்ட லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். அந்த லேபிளும் அவர்களுடைய கம்ப்யூட்டரிலிருந்துதான் வர வேண்டும். அதற்காகப் பட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்திருந்தார்கள். தாராவியில் உட்கார்ந்து ஒரு சின்னப் படத்தை அமுக்கினால், வாஷிக் கம்ப்யூட்டரின் திரை அப்படியே இங்கே விரியும். இங்கிருந்தே அதில் வேலை செய்யலாம். பழைய கம்ப்யூட்டரில் இது ஒரு தொல்லையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. அது புகை விட்டுச் செத்துப்போய், புதுசு வந்து ஒன்பது நாள் ஆகிறது. இன்றுதான் அதிலிருந்து முதல் சரக்குக்கு லேபிள்.

பொன்செல்வி பிரிண்டரின் வயரைப் பார்த்தாள். லேபிள் சுருளைக் கழற்றி மாட்டினாள். பொத்தானை அழுத்திப் பிடித்தாள். கோடு கோடாக ஒரு சோதனை லேபிள் வந்து விழுந்தது. வாஷித் திரையைச் சுருக்கிவிட்டு, தன் சொந்தக் கம்ப்யூட்டரிலிருந்து தன் பெயரை அடித்து அனுப்பினாள். ‘பொன்செல்வி’ என்று அழகாக ஒட்டுத்தாளில் வந்தது. ஆக, பிரிண்டரில் கோளாறு இல்லை. மறுபடி வாஷித் திரைக்குப் போய் இரண்டாம் முறை பிரிண்ட் கொடுத்தாள். இப்போது சிவப்பு எழுத்து வந்தது. இந்த நம்பர்கள் ஏற்கெனவே அச்சாகிவிட்டன, மறு அச்சுக்கு அனுமதி வேண்டும்.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் தலையில் கை வைத்திருப்பார்கள். பொன்செல்விக்கு வேறொரு யோசனை ஓடியது. அச்சாகிவிட்டது என்று அந்த மெஷின் பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? அச்சானது என்றால் எங்கேயோ அச்சாகியிருக்கிறது. எங்கே?

அவள் அப்படித்தான். சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவில் வண்டி நின்றுவிட்டால் பெட்டியில் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், சிக்னலா, மாடா, ஆளா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் உட்காருவாள்.

ஏணியில் சத்தம் கேட்டது. ஷாகுல் ஹமீது பாய் பாதி ஏறி, தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

“என்னம்மா, லேபிள் ஆச்சா? டெம்போக்காரன் நாலு மணிக்கு வந்துருவான்.”

“எங்கயோ ஆயிருக்கு பாய். எங்கன்னுதான் பாக்கேன்.”

“அந்தப் பிரிண்டரும் போச்சா? பெரிசு போன வாரமே செத்துப்போச்சு.”

“பெரிசா? நேத்து சாயங்காலம் அதுல பில்லு எடுத்தேனே.”

பாய் தலையை இழுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அவர் எப்போது பெரிய பிரிண்டரைத் தொட்டார், எதற்குத் தொட்டார் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. இருக்கிற குழப்பத்தில் அதை அப்படியே விட்டாள்.

கம்பெனியின் உதவி நம்பருக்குப் போன் போட்டாள். ஆறேழு நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பையன் குரல் இந்தியில் பேரையும் ஐடியையும் கேட்டது. பொன்செல்வி போனைப் பொத்திக்கொண்டு ஏணிப் பக்கம் திரும்பி, “பாய், லைன் கெடச்சிட்டு” என்று குரல் கொடுத்தாள்.

“மேடம், நீங்க தமிழா?” என்றது போன். “என் பேர் கிருஷ்ணா. பொறந்து வளர்ந்தது மாதுங்கா, இப்போ செம்பூர்ல வீட்லேர்ந்தே வேலை பண்றேன். தமிழ்லயே சொல்லுங்கோ.”

அவள் நடந்ததைச் சொன்னாள். திரையில் பிரிண்டர் என்கிற இடத்தில் என்ன பெயர் இருக்கிறது என்று அவன் கேட்டான். அதுவரை அவள் அந்தப் பெயரைப் படித்ததே இல்லை. மூன்று ஆங்கில எழுத்து, ஒரு கோடு, ஒரு நம்பர். எழுத்துக் கூட்டிச் சொன்னாள்.

“அது உங்க பிரிண்டர் இல்லை, எங்களோடது. வாஷி ஆபீஸ்ல எங்கயோ இருக்கு. அங்கதான் உங்க லேபிளெல்லாம் போயிருக்கும்.”

“நான் இங்கல்லா அமுக்குனேன்?”

“நீங்க பார்க்கறது வெறும் ஜன்னல் மேடம். பார்க்கறது நீங்க, வேலை செய்யறது வாஷி மெஷின். உங்க மேஜையில ஒரு பிரிண்டர் இருக்குன்னே அதுக்குத் தெரியாது. யாராவது சொன்னாத்தான் தெரியும். சொல்லலைன்னா தன் பக்கத்துல இருக்கற பிரிண்டருக்கு அனுப்பிடும்.”

“அதுகிட்ட எப்படிச் சொல்லதாம்?”

“ஒரு டிக் போடணும். அவ்வளவுதான்.”

அவன் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். வாஷித் திரையின் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அமுக்கி மூடினாள். சின்னப் படத்தைத் திறந்து, உள்ளே போகாமல், கீழே ‘ஷோ ஆப்ஷன்ஸ்’ என்று இருந்ததை அமுக்கினாள். ‘லோக்கல் ரிசோர்சஸ்’ என்று ஒரு பக்கம் வந்தது. அங்கே ‘பிரிண்டர்ஸ்’ என்பதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் காலியாக இருந்தது. பழைய கம்ப்யூட்டரில் யாரோ எப்போதோ அதில் டிக் போட்டிருக்கிறார்கள். புதுசில் போடவில்லை. பொன்செல்வி டிக் போட்டாள். பாஸ்வேர்டு அடித்து உள்ளே போனாள்.

லேபிள் புரோகிராமில் பிரிண்டர் பட்டியலை விரித்தாள். பழைய பெயர் ஒன்றுதான் இருந்தது.

“வரணுமே” என்றான் கிருஷ்ணா. கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. “மறுபடி மூடித் திறங்கோ.”

மூடித் திறந்தாள். அதே ஒற்றைப் பெயர்.

“உங்க லேபிள் பிரிண்டரோட டிரைவர் சாஃப்ட்வேர் எங்க சர்வர்ல இல்லையோ என்னமோ. புகார் டிக்கெட் ஒண்ணு போட்டுடறேன் மேடம். திங்கட்கிழமை சர்வர் டீம் பார்ப்பா.”

“திங்கக்கிழமை கப்பல்ல ஏறிரும் தம்பி. சரக்கு இன்னைக்கு நாலு மணிக்குப் போகணும்.”

அந்தப் பக்கம் மறுபடி கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பொன்செல்வி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குறிப்பு எழுதும் கட்டத்தில் ‘84 பெ’ என்று பாதியில் நின்ற ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. காலையில் ‘84 பெட்டி’ என்று எழுதத் தொடங்கி, பாய் கூப்பிட்டதும் விட்டுப் போன சொல். அதற்குப் பிறகு இரண்டு முறை அவள் இந்தத் திரையை மூடியிருக்கிறாள்.

“தம்பி, ஒண்ணு கேக்கட்டா? நான் மூடிட்டுத்தான திரும்ப வந்தேன்?”

“ஆமா.”

“அப்போ நான் பாதியில வச்ச எழுத்து எப்படி இன்னும் பாதியிலயே நிக்கு? நான் வெளிய போகவே இல்ல போலுக்கே. கதவைச் சாத்திட்டு வந்துருக்கேன், உள்ள லைட்டு எரிஞ்சிக்கிட்டுதான் இருந்துருக்கு.”

கீபோர்டுச் சத்தம் நின்றது. பிறகு கிருஷ்ணா மெதுவாகச் சிரித்தான்.

“கரெக்ட் மேடம். பெருக்கல் குறி அமுக்கினா ஜன்னல்தான் மூடும், நீங்க உள்ளேயேதான் இருப்பேள். அந்த லேபிள் புரோகிராம் காலையில திறந்தபோது பிரிண்டரை எண்ணி வெச்சுண்டது. அதுக்கப்புறம் அது திறந்தபடியே இருக்கு, மறுபடி எண்ணவே இல்லை. இது எனக்குத் தோணியிருக்கணும். சைன் அவுட் பண்ணுங்கோ.”

அவள் முறையாக வெளியேறி, முறையாகத் திரும்ப உள்ளே போனாள். பட்டியலை விரித்தாள். இப்போது மூன்று பெயர்கள். வாஷிக்காரன் ஒருவன், அவள் பெரிய பிரிண்டர், அவள் சின்னப் பிரிண்டர். அவள் பிரிண்டர்கள் இரண்டின் பெயருக்குப் பின்னாலும் ‘ரீடைரக்டெட்’, அதாவது வழி திருப்பியது, என்று ஒரு வால். பிரிண்டருக்கு வாஷியில் ஒரு பெயரும் தாராவியில் ஒரு பெயரும் இருப்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

ஆனால் காரியம் இன்னும் முடியவில்லை. நம்பர்கள் பூட்டிக் கிடந்தன. பூட்டை எடுக்கத் தன்னால் முடியும், ஆனால் முதலில் அச்சான எண்பத்து நான்கும் அழிந்துவிட்டன என்று யாராவது போட்டோ அனுப்பினால்தான் எடுக்கலாம் என்றான் கிருஷ்ணா. ஒரே நம்பரில் இரண்டு பெட்டி போனால் கன்டெய்னரே நின்றுவிடும்.

“அந்தப் பிரிண்டர் எந்த இடத்துல இருக்கு?”

“அதான் தெரியலை மேடம். மூணு மாடி. மாடிக்கு ரெண்டு மூணு பிரிண்டர் இருக்கு. பேரை வெச்சு இடம் சொல்ல எங்கிட்ட லிஸ்ட் இல்லை. சனிக்கிழமை ரிசப்ஷன்ல ஆளும் கிடையாது. நான் ரெண்டு மூணு பேருக்கு அடிச்சுப் பார்க்கறேன்.”

மணி பன்னிரண்டேகால். கிருஷ்ணா போனை வைத்துவிட்டான். கீழே எண்பத்து நான்கு பெட்டிகளும் நெற்றி காலியாக வரிசையில் நின்றுகொண்டிருந்தன.

பொன்செல்வி கையைக் கட்டிக்கொண்டு யோசித்தாள். அந்த இடம் அவளுக்குத் தெரியாது; கிருஷ்ணாவுக்கும் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த வாஷி பிரிண்டர். அவள் அனுப்பிய லேபிள் வழி தவறாமல் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. லேபிள் போகும் என்றால் கடுதாசியும் போகும்.

வாஷித் திரையில் நோட்பேடைத் திறந்தாள். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதினாள்: இந்தத் தாளை எடுப்பவர் தயவுசெய்து இந்த நம்பருக்குப் போன் செய்யவும், அவசரம், பொன்செல்வி, தாராவி. அதையே கீழே இந்தியில் எழுதினாள். இன்னும் இடம் மிச்சம் இருந்தது. முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். மிச்சம் இருக்கிற இடத்தைச் சும்மா விட மனசு வராமல் தமிழிலும் எழுதினாள். பழைய வாஷிப் பெயரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினாள்.

பத்து நிமிஷம் ஆயிற்று. பதினைந்து நிமிஷம் ஆயிற்று. அந்தத் தாள் ஒரு காலி ஆபீசில், ஏசி ஓடும் அறையில், யாரும் பார்க்காமல் கிடப்பதாக நினைத்துப் பார்த்தாள். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும்? ஜன்னலில் ரயில் தெரியுமா, கடல் தெரியுமா? டப்பாவைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டாள். பன்னிரண்டு ஐம்பதுக்குப் போன் அடித்தது.

“ஹலோ. பொன்செல்விங்கது யாரு?”

“நாந்தான் பேசுதேன்.”

“நீ எழுதுன காயிதம் என் கையில இருக்கு தாயி. என் பேரு ஆறுமுகத்தாய். வாஷி ஆபீசுல ரெண்டாம் மாடி பேன்ட்ரியில டீ போடுதேன்.”

பொன்செல்வி எழுந்து நின்றுவிட்டாள். “அக்கா, அங்க லேபிள் தாளு வந்துருக்கா? எண்பத்தி நாலு?”

“அதை ஏன் கேக்க. காலையில இருந்து இந்த மெசினு ஓட்டு ஓட்டுன்னு ஓட்டுது. ஒரு தாளுக்கு மூலையில ஒரே ஒரு கட்டம், மீதியெல்லாம் வெள்ளை. பாதியில பேப்பர் தீந்துபோயி கீகீன்னு கத்திக்கிட்டுக் கிடந்துச்சு. நான் கீழ போயிட்டு இப்பத்தான் வந்தேன். சத்தம் பொறுக்க மாட்டாம பேப்பரை வச்சேன். மிச்சமும் வந்துச்சு, கடைசியா உன் காயிதமும் வந்துச்சு.”

“எல்லாத்தையும் வச்சிருக்கியளா அக்கா? தூரப் போட்டுறலையே?”

“நான் எழுத்தைத் தூரப் போட மாட்டேன்.”

பிறகு அவளே விவரமாகச் சொன்னாள். அந்தப் பிரிண்டரை ஆபீசில் யாரும் உபயோகிப்பதில்லை. உள்ளே வேறு இருக்கிறது. இது பேன்ட்ரிச் சுவரை ஒட்டி, அவள் பால் காய்ச்சுகிற இடத்துக்குப் பக்கத்தில் சும்மா நிற்கிறது. ஆனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது தானாகத் தாள் தள்ளும். கேட்டால், பழைய பேப்பர் ரத்தியில் போடு என்றார்கள். அவளுக்கு மனசு வரவில்லை. எழுத்து என்று ஒன்று இருந்தால் அதை யாரோ தேடுவார்கள் என்று டீத்தூள் வந்த அட்டைப் பெட்டி ஒன்றில் சேர்த்துவைத்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

“பொங்கல் கழிஞ்சதுல இருந்து சேக்கேன். ஒரு ஆளு தேடி வரல. நானாப் போயி யாரைக் கேக்க? எனக்கு இங்கிலீசு வராது. இந்தி வாயிலதான் வரும், கண்ணுல வராது. பாண்டுப்ல இருந்து தாணே வந்து வண்டி மாறி தெனம் வாரேன், வழியில பாக்க போர்டு ஒண்ணையும் படிக்க முடியாது. இன்னைக்குத்தான் எனக்குப் படிக்கதுக்குன்னு ஒரு காயிதம் வந்துருக்கு.”

பொன்செல்வி அவளிடம் செய்ய வேண்டியதைச் சொன்னாள். ஆறுமுகத்தாய் எண்பத்து நான்கு தாள்களையும் பேன்ட்ரித் தரையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொரு கட்டத்தின் மேலும் பேனாவால் பெருக்கல் குறி போட்டு, நான்கு போட்டோவாக எடுத்து அனுப்பினாள். நான்காவதில் அவள் கால் கட்டைவிரலும் மெட்டியும் விழுந்திருந்தன. பொன்செல்வி அதைக் கிருஷ்ணாவுக்கு அனுப்பினாள். இரண்டு நிமிஷத்தில் அவன் பேசினான்.

“யாரு மேடம் இது? நான் நாலு மேனேஜருக்கு அடிச்சேன், ஒருத்தர்கூட எடுக்கலை. நீங்க எப்படிப் பிடிச்சேள்?”

“கடுதாசி போட்டேன்” என்றாள்.

பூட்டு திறந்தது. முதல் லேபிள் குறுக்காகத் திரும்பி, பாதி வெட்டுப்பட்டு வந்தது. கிருஷ்ணா தாளின் அளவை மாற்றச் சொன்னான். இரண்டாவது நேராக வந்தது. பிறகு மூன்றாவது, நான்காவது. சின்னப் பிரிண்டர் சளசளவென்று பேசத் தொடங்கியது. பொன்செல்வி சுருளைக் கையில் ஏந்திக்கொண்டு ஏணியில் இறங்கினாள். நாலு மணிக்கு வருகிறேன் என்ற டெம்போ நாலே முக்காலுக்குத்தான் வந்தது; பெட்டிகள் அத்தனையும் நெற்றியில் நம்பரோடு ஏறிப் போயின.

அதற்குப் பிறகுதான் ஆறுமுகத்தாயின் இரண்டாவது போன் வந்தது.

“தாயி, உங்க பட்டறைத் தாளு இன்னும் ஒண்ணு எங்கிட்ட கெடக்கு போலுக்கு. லேபிள்ல உங்க பட்டறைப் பேரு இங்கிலீசுல இருக்குல்லா? அதே எழுத்து இன்னொரு காயிதத்துலயும் இருக்கு. படிக்கத் தெரியாட்டாலும் ரெண்டும் ஒண்ணு போல இருக்கான்னு பாக்கத் தெரியும்லா. ஒரே காயிதம் நாலு தடவை வந்துருக்கு. பை படம் போட்டது.”

போட்டோ வந்தது. பொன்செல்வி விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு தோள்பை. பட்டறையில் தைக்கிற எந்தப் பையும் அப்படி இல்லை. வாய் பக்கவாட்டில் திறக்கிற மாதிரி, மடிப்புக்குள் மடிப்பாக இருந்தது. கீழே ஒரு விண்ணப்பம். மாதுங்காவில் ஒரு மண்டபத்தில் மூன்று நாள் கைவினைச் சந்தை. அதில் ஒரு ஸ்டால் வேண்டும். பையின் பெயர் பரீஹா. வடிவமைத்தவர், விண்ணப்பதாரர், ஷாகுல் ஹமீது. கடைசித் தேதி வரும் திங்கட்கிழமை.

பரீஹா பாயின் மகள். பொன்செல்வி ஒன்பது வருஷத்தில் பாய் ஒரு பையின் படம் வரைந்து பார்த்ததில்லை.

பாய் அஸர் தொழுகை முடித்துத் திரும்பி வந்து, மெஷின் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பொன்செல்வி போனை அவர் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். 

“இது உனக்கு எப்படிக் கெடச்சுது?”

“நீங்க போன வாரம் பெரிய பிரிண்டர் செத்துப்போச்சுன்னு சொன்னது இதுக்குத்தானா பாய்?”

“நாலு தடவை அமுக்குனேம்மா. ஒண்ணும் வரல. நமக்கு இது வேண்டாம்னு அல்லா சொல்லுதான் போல, ஆசையெல்லாம் போதும்னு மூடி வச்சிட்டேன். உங்கிட்டயும் சொல்லல.”

“அல்லா ஒண்ணும் சொல்லல பாய். ஒரு டிக் போடாம விட்டுருக்கு, அவ்வளவுதான். நாலு தடவையும் நல்லாத்தான் வந்துருக்கு. வாஷியில.”

பாய் முகம் மாறியது. “வாஷியிலயா? அவிய ஆபீசுலயா?”

அவருக்கு என்ன பயம் என்று சொல்லாமலே பொன்செல்விக்குத் தெரிந்தது. பன்னிரண்டு மெஷினும் அந்தக் கம்பெனியின் ஆர்டரில் ஓடுகிறது. நமக்குத் தைத்துக் கொடுக்கிறவன் தனியாகக் கடை போடப் பார்க்கிறான் என்று அவர்கள் நினைத்துவிட்டால்?

அவள் ஆறுமுகத்தாயைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். “அக்கா, அந்தப் பை படத்தை வேற யாரும் பாத்தாவளா?”

“நான் பாத்தேன். பெறகு ஒருநா சரக்கு தரம் பாக்க மேடம் ஒருத்தி சூடா தண்ணி கேட்டு வந்தா. மேல கெடந்துச்சு, கையில எடுத்துப் பாத்தா.”

“என்ன சொன்னா?”

“அச்சா ஹைன்னா, நல்லாருக்குன்னு. வச்சிட்டுத் தண்ணியை வாங்கிட்டுப் போயிட்டா. ஏன், ஏதும் தப்பா? எனக்கு ஒரு சந்தேகம் தாயி, கேட்டுச் சொல்லு. அந்தப் பையி பக்கத்துல தொறக்கே, ரயில்ல கூட்டத்துல நிக்கும்போது எவனும் கைய விட முடியாதுல்லா?”

பாய் போனைப் பார்த்துக் குனிந்து தானே பதில் சொன்னார். “முடியாது. கை வச்சா மடிப்பு மூடிக்கும். எம் மக ரயில்ல காலேஜ் போறவ. அவளுக்காகத்தான் யோசிச்சேன்.”

“நெனச்சேன்” என்றாள் ஆறுமுகத்தாய்.

போனை வைத்த பிறகு பாய் கண்ணாடியைக் கழற்றினார். “அச்சா ஹைன்னாளாமா?” என்று கேட்டார்.

“அப்படித்தான் சொல்லுதாவ.”

“கோவமாவா, சாதாரணமாவா?”

“தண்ணி வாங்க வந்தவ பாய். கோவப்பட என்ன இருக்கு?”

அவர் எழுந்து ஏணியில் ஏறினார். பொன்செல்வி பின்னால் ஏறினாள். திரைக்கு மேலே, நடுவில், ஒரு பட்டை தெரிந்தால் அது வாஷி, அது இல்லாவிட்டால் நம்முடையது என்று அவருக்குக் காட்டிக் கொடுத்தாள். அவர் போன வாரம் அந்தப் பட்டை தெரியும் திரையிலேயே தன் மெயிலைத் திறந்து, அங்கிருந்தே பிரிண்ட் கொடுத்திருக்கிறார். இரண்டும் பார்க்க ஒரே மாதிரித்தானே இருக்கிறது என்றார். அது நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது. பட்டை இல்லாத திரையில் மெயிலைத் திறந்தாள். பெரிய பிரிண்டர் ஒரு முறை கனைத்துவிட்டு, பரீஹாவை வெளியே தள்ளியது. பாய் சூடாக இருந்த தாளை இரண்டு கையாலும் வாங்கினார்.

திங்கட்கிழமை அவரே மாதுங்கா போய்க் கொடுத்துவிட்டு வந்தார். மூன்று வாரம் கழித்து ஸ்டால் கிடைத்தது. மண்டபத்தின் படிக்கட்டுக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கிற ஓர் இடம். மூன்று நாளும் பரீஹாவும் பொன்செல்வியும் மாறி மாறி நின்றார்கள். மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் விற்கப் பை இல்லை. பார்வைக்குத் தொங்கவிட்டதையும் ஒரு அம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். வாஷிக் கம்பெனி இதைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. அடுத்த ஆர்டர் வழக்கம்போல வந்தது. அந்த மேடம் கவனித்தாளா, மறந்தாளா என்பது இன்றுவரை தெரியாது. பாய் இன்னும் எப்போதாவது அதைக் கேட்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறுமுகத்தாய் தாராவிக்கு வந்தாள். பையை வாங்கிக்கொள்ளத்தான் வந்தாள். கையோடு டீத்தூள் பெட்டியையும் கொண்டுவந்திருந்தாள். கிருஷ்ணா சர்வரில் ஏதோ மாற்றி, அந்தப் பிரிண்டருக்கு இனி யாருடைய தாளும் வழி தவறிப் போகாதபடி செய்துவிட்டானாம். பேன்ட்ரியில் சத்தமே இல்லை, பொழுதுதான் போகவில்லை என்றாள்.

இரண்டு பேரும் மேல் அறைத் தரையில் உட்கார்ந்து தாள்களைப் பிரித்தார்கள். பொன்செல்வி படித்துச் சொல்ல, ஆறுமுகத்தாய் அடுக்கினாள். பாதிக்கு மேல் லேபிள்கள்; மிச்சம், பாயைப் போலவே மற்றப் பட்டறைக்காரர்கள் தெரியாமல் வாஷித் திரையிலிருந்து கொடுத்தவை. ஒரு பள்ளிக்கூட பஸ் விண்ணப்பம். யாரோ ஒரு பையனின் பரீட்சை ஹால் டிக்கெட். பரீட்சை ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. காட்கோபரில் ஒரு பெண்ணின் கல்யாண விவரத்தாள், போட்டோவோடு. அதில் இருந்த நம்பருக்குப் பொன்செல்வி அடித்தாள். பெண்ணின் அம்மா எடுத்து, வேறு கடையில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம், கல்யாணமும் ஆகிவிட்டது, மாப்பிள்ளை ரயில்வே என்று இந்தியில் சந்தோஷமாகச் சொன்னாள்.

அடியில் கிட்டத்தட்ட வெள்ளையாக இரண்டு தாள்கள் இருந்தன. நோட்பேடில் அடித்தது, மேலே ‘அன்டைட்டில்ட்’ என்று இருந்தது, ஆள் பெயர் இல்லை, நம்பர் இல்லை. நடுவில் இந்தியில் ஒரே ஒரு வரி.

“என்ன போட்டிருக்கு?” என்றாள் ஆறுமுகத்தாய்.

பொன்செல்வி படித்தாள். “அங்கே யாராவது இருக்கிறீர்களா?”

“எங்கயாம்?”

“நீங்க நிக்க இடத்துலதான் அக்கா.”

ஆறுமுகத்தாய் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை. “மழை தொடங்குன வாரம் வந்துச்சு. பாலு பொங்கிருச்சு அன்னைக்கு, அதான் ஞாவகம். மறுநாளும் இதே காயிதம் வந்துச்சு. நான் பெட்டியில போட்டுட்டேன். இப்படிக் கேட்டுருக்குன்னு எனக்கென்ன தெரியும்?”

பொன்செல்வி அங்கேயே கிருஷ்ணாவுக்குப் போன் போட்டாள். யார் எப்போது எதைப் பிரிண்ட் கொடுத்தார்கள் என்கிற கணக்கு சர்வரில் முப்பது நாள்தான் இருக்கும் என்றான் அவன். ஜூன் மாதத்துக்குப் போக வழியில்லை.

“நம்பர் போட்டுருக்கலாம்லா” என்றாள் ஆறுமுகத்தாய்.

“எனக்குத் தோணுச்சு, அவியளுக்குத் தோணல.”

“ரெண்டாம் நாளும் கேட்டுருக்கே தாயி.”

அவள் புதுப் பையைத் தோளில் மாட்டி, பக்கவாட்டில் கையை விட்டு விட்டு எடுத்துப் பார்த்தபடி ஏணியில் இறங்கிப் போனாள். பொன்செல்வி மற்றத் தாள்களைக் கட்டிப் போட்டுவிட்டு அந்த இரண்டை மட்டும் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டாள். பாண்டுப்பிலும் காட்கோபரிலும் வாஷியிலுமாக அந்தக் கம்பெனிக்குச் சரக்குக் கொடுக்கிற பட்டறைகள் ஏகப்பட்டவை உண்டு. வேலை விஷயமாக அவர்களில் யாரிடம் பேசினாலும், பேச்சு முடிகிற நேரத்தில், மழை தொடங்கின வாரத்தில் உங்கள் பிரிண்டர் ஏதாவது தகராறு பண்ணியதா என்று கேட்காமல் அவள் போனை வைப்பதில்லை.